தூண்டில் பையில் ஒரு பல்செட்டு

மொட்டை மாடியில் நின்று தூண்டில் வீசிப் பழகுகிற ஆளைப் பஹ்ரைனில் எங்கள் குதைபியாவில் இதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வாளியை வைத்து, அதற்குள் ஈயக்குண்டு விழ வேண்டும் என்று வீசினேன். முதல் வீச்சு டிஷ் ஆன்டெனாவில் சுற்றிக்கொண்டது. அடுத்தது, மூன்றாம் மாடிக்காரர் காயப்போட்டிருந்த வெள்ளை அங்கியின் கையைக் கிழித்தது. படிக்கட்டுக் கதவருகே நின்று பார்த்த என் மனைவி, லேஸ் வெட்டுகிற கைக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

மனாமா கடைத்தெருவில், சூக் என்பார்கள், எனக்கு ஒரு சின்னக் கடை. பெண்கள் போடுகிற கறுப்பு அங்கி அபாயாவுக்கு வேண்டிய லேஸ், மணி, பித்தான் விற்கிறேன். சரக்கு தருகிற துபாய் மொத்த வியாபாரியை எல்லோரும் சேட் என்றுதான் கூப்பிடுவோம். போன வருடம் அவர் வாடிக்கைக் கடைக்காரர்களுக்கு விருந்து வைத்தபோது பேச்சு மீன் பக்கம் திரும்பியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதானே. நான் கீழக்கரைக்காரன், கடலோடு பிறந்தவன், தூண்டிலை எடுத்தால் மீன் தானாக வரும் என்று அளந்துவிட்டேன். எங்கள் தெருவில் மீன் தின்னத் தெரியும், விலை பேசத் தெரியும். பிடிக்கிறவர்கள் வேறு தெருக்காரர்கள். அது சேட்டுக்கு எப்படித் தெரியும்? இந்தக் குளிர்காலத்தில் அழைப்பு வந்துவிட்டது. ராஸ் அல் கைமாவையும் தாண்டி வடக்கே, ஓமானின் முசந்தம் பக்கம், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கிற ஓர் இடுக்கில் மீன்பிடி விடுதி. சாலை கிடையாது, படகுதான். வழிகாட்டியோடு மூன்று நாள்.

வடக்கு என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குப் பனிக்கட்டி ஞாபகம் வந்துவிட்டது. கம்பளிக் குல்லாய் வாங்கினேன். பதினெட்டுப் பாக்கெட் வைத்த மீன்பிடிச் சட்டை வாங்கினேன். கறுப்புக் கண்ணாடி, முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ். கண்ணாடி முன்னால் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தபோது தாடி நரை மட்டும் உறுத்தியது. அதற்கும் சாயம் வாங்கினேன். ஐம்பத்தைந்து வயதில் இப்படி ஒரு மினுக்கு.

இதற்குள் ராக்கம்மா வந்தாள். எங்கள் கட்டடத்துப் படிக்கட்டைப் பெருக்குகிறவள். மத்தியானத்தில் என் மனைவிக்குக் கூடமாட உதவுவாள். சிவகங்கைப் பக்கம். விடுதியின் பெயரை என் மனைவி சொல்லக் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். அவள் தம்பி பாண்டி அந்த விடுதியில்தான் சமையல்கட்டில் வேலை பார்க்கிறானாம்.

பாண்டி முதலில் கட்டட வேலைக்கு வந்தவன். சாரத்துக் குழாய் நழுவி வாயில் அடித்து, மேல் வரிசை முன்பற்கள் மொத்தமும் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் விடுதிக்கு மாறியிருக்கிறான். பாத்திரம் கழுவ, மீன் செதில் எடுக்கப் பல் தேவையில்லை. இப்போது சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாற ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. சம்பளம் கூட, டிப்ஸ் உண்டு. பாண்டியைப் போடலாம், ஆனால் விருந்தாளி முன்னால் பொக்கை வாயோடு நிற்க முடியாது, பல்லோடு வந்தால் பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். போன லீவில் காரைக்குடியில் அளவு கொடுத்தான். பல் தயாராவதற்குள் லீவு முடிந்துவிட்டது. அவன் பெண்டாட்டி அதை வாங்கி, பஹ்ரைன் வருகிற ஓர் ஆளிடம் கொடுத்து, அவர் ராக்கம்மாவிடம் கொடுத்து, நாலு மாதமாக அவள் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அந்த விடுதிக்குக் கூரியர் எதுவும் போகாது.

"சேட்டுமாருக கூட்டம் ஒண்ணு வருது, அதுக்குள்ள பல்லு வந்தா எனக்குத்தான் அந்த வேலைன்னு சொல்லுறான் பாய். அந்தக் கூட்டமே நீங்கதான்னு அம்மா சொன்னதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்றாள். எவர்சில்வர் சம்படம் ஒன்றைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தாள். திறந்தும் காட்டினாள். பஞ்சுக்கு நடுவில் ரோஸ் நிற ஈறோடு வெள்ளை வெளேரென்று ஒரு வரிசைப் பல்.

வளைகுடாவில் ஒருவன் பயணம் கிளம்பினால் அவன் பை அவனுக்குச் சொந்தமில்லை. ஊறுகாய், மாத்திரை, குழந்தைச் சட்டை, நகைச் சீட்டு என்று யாருடையதாவது ஏறிக்கொள்ளும். வாங்கிக்கொண்டவன் கொண்டுபோய்ச் சேர்ப்பான். சேர்க்காதவனைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. பிஸ்மி சொல்லி வாங்கி, கம்பளிக் குல்லாய்க்குள் சம்படத்தைச் செருகினேன்.

துபாயில் கராமாவில் என் மச்சான் ஜாபர் இருக்கிறான். சின்னம்மா மகன்தான், ஆனால் மச்சான் என்றே பழக்கம். மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்ட அறையில் எனக்கு ஒரு கட்டிலைக் காலி பண்ணி வைத்திருந்தான். போய் இறங்கியதுமே கீழே இருக்கும் ஓட்டலில் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்தான். மனாமாவிலும் பரோட்டா உண்டு. ஆனால் கராமா சால்னாவில் ஊரின் சோம்பு வாசம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

என் ரப்பர் பூட்ஸைப் பார்த்துவிட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மீன் புடிக்கப் போறியளா, சாக்கடை அள்ளப் போறியளா மச்சான்?" என்றான். பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தூண்டில் கம்பு மனாமாவிலேயே மாடிக் கதவில் மாட்டி முறிந்துவிட்டதால், புதிதாக ஒன்று வாங்க வேண்டியிருந்தது. அஜ்மானில் சல்லிசாகக் கிடைக்கும் என்று ஜாபர் கூட்டிப் போனான். வாங்கியதெல்லாம் சரி, திரும்பி வருவதுதான் வினையாகிவிட்டது. சாயங்காலம் துபாய் போகிற பஸ்ஸில் வேலை முடிந்த கூட்டமெல்லாம் ஏறி நிற்கிறது. நான் ஆளைவிட உயரமான கம்பை வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறேன். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் கம்பு யார் காதையாவது பதம் பார்த்தது. பக்கத்தில் இரண்டு மலையாளிகள், இது தூண்டிலா திரைச்சீலைக் கம்பியா என்று சண்டை. தூண்டில்தான் என்றார் ஒருவர். இந்த முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்றார் மற்றவர். மலையாளம் எனக்குப் புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் தாடிக்குச் சாயம் போட்டேன். கொஞ்ச நேரம் கூடிப்போய்விட்டது போல. ஜாபர் அறைக்குள் வந்து, கரி பிடித்த சட்டி மாதிரி இருக்கிறது என்றான். கழுவிக் கழுவிப் பார்த்தேன், போகவில்லை.

விடிந்ததும் சேட்டின் வேன் வந்தது. என்னோடு சேர்த்து ஆறு கடைக்காரர்கள். மஸ்கட், தோஹா, குவைத் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும். இதில் துபாய் தேராவில் பெரிய ஷோரூம் வைத்திருக்கும் மும்பைக்காரர் ஒருவரை மட்டும் இங்கே சொன்னால் போதும். நல்ல உயரம், நல்ல குரல், என்ன சொன்னாலும் மற்றவர்களைச் சிரிக்க வைத்துவிடுவார். ஏறியதுமே என் தாடியைப் பார்த்து, இந்தியாவிலிருந்து புது மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று இந்தியில் சொன்னார். வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் பக்கத்தில் இருந்தால் அவர் பேச்சுக்கு ஆளாகாமல் தப்பிக்கலாம் என்று நினைத்து, அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். வழி நெடுகக் கீழக்கரைக் கடலைப் பற்றி இன்னும் நாலு புளுகு அவிழ்த்துவிட்டேன்.

எல்லை தாண்டினதும் சாலை கடலை ஒட்டி வளைந்து வளைந்து போகிறது. ஒரு பக்கம் செடி கொடி இல்லாத மலை, மறுபக்கம் பச்சைத் தண்ணீர். பனியுமில்லை, குளிருமில்லை, இதமான காற்று. குல்லாயை நினைத்துச் சிரிப்பு வந்தது. கசப் துறைமுகத்தில் ராஷித் எங்களுக்காகக் காத்திருந்தார். விடுதியின் மீன்பிடி வழிகாட்டி, ஓமான்காரர், அதிகம் பேசாத மனிதர். பெட்டி பையெல்லாம் படகில் ஏற்ற முடியாது, அலைத் தண்ணீர் தெறிக்கும், சாமானை மேஜையில் கொட்டி விடுதி தருகிற ரப்பர் பையில் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். எல்லாக் கூட்டத்துக்கும் அவர் செய்கிற வேலைதான் இது.

நீண்ட மேஜை. ஆறு பேரும் வரிசையாக நின்று பையைக் கவிழ்த்தோம். நான் கவிழ்த்ததும் குல்லாயிலிருந்து சம்படம் உருண்டு விழுந்து, மூடி கழன்று, பல்செட்டு மேஜை நடுவில் போய் இளித்தபடி உட்கார்ந்தது.

அப்புறம் மும்பைக்காரர் ஆரம்பித்தார். தாடிக்குச் சாயம் மட்டும்தான் என்று நினைத்தேன், பல்லும் கடையில் வாங்கியதுதானா, வேறு எதெல்லாம் கழற்றி மாட்டுகிற சாமான் என்று கேட்டார். தோஹாக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராஷித்கூட சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னுது இல்ல" என்றேன்.

அது உண்மைதான். அடுத்த வார்த்தையையும் உண்மையாகச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இது விடுதியில் வேலை பார்க்கிற ஒரு பையனுடையது, அவன் அக்கா கொடுத்துவிட்டாள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் அதைச் சொன்னால் சமையல்கட்டு ஆளுக்குப் பல் சுமந்து வந்தவன் என்று அடுத்த மூன்று நாளும் கேலி தொடரும் என்று பட்டது. அப்படியானால் யாருடையது என்று ராஷித் கேட்டார். தெரியவில்லை, கராமா அறையில் யாரோ தவறிப் போட்டிருப்பார்கள் என்றேன். அல்லாஹ்வே, நாக்கு எப்படித்தான் அப்படிப் புரண்டதோ. யாருடையது என்று தெரியாத பொருளைப் படகில் ஏற்ற வேண்டாம் என்றார் ராஷித். மும்பைக்காரர் ஒரு டிஷ்யூவை எடுத்து, செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் தூக்கி, மேஜைக்குப் பக்கத்தில் இருந்த குப்பை டிரம்மில் போட்டார். சம்படமும் பின்னாலேயே போனது.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் படகுக்கு நடந்ததும் ஒன்றுக்குப் போகிற சாக்கில் திரும்பி வந்து எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு எட்டு வைத்ததும் ராஷித் "யல்லா" என்று அவசரப்படுத்தினார். படகில் ஐந்து பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறிவிட்டேன். திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம், டிரம் எங்கே போய்விடும் என்று மனசைச் சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

விடுதித் துறையில் கயிறு பிடிக்க நாலைந்து பேர் நின்றார்கள். அதில் ஒருவன் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வலது கையால் ஒவ்வொருவர் பையாக வாங்கிக்கொண்டிருந்தான். ராக்கம்மாவின் அதே நெற்றி, அதே புருவம். என்னைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டான். அக்கா அடையாளம் சொல்லியிருப்பாள்.

"மனாமா பாய்தானே? அக்கா போன் பண்ணுச்சு" என்றான். கையை எடுக்காமலே சொன்னான். கண்ணெல்லாம் சிரிப்பு.

அவனைத் தள்ளிக் கூட்டிப் போய் இன்னொரு பொய் சொன்னேன். பை மாற்றும்போது கராமாவில் மச்சான் அறையிலேயே தங்கிவிட்டது, பத்திரமாக இருக்கிறது, போனதும் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன் என்றேன். அவன் கண்ணில் இருந்த சிரிப்பு கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றது. அப்புறம் அவனே எனக்கு ஆறுதல் சொன்னான். "பரவால்ல பாய். பயணத்துல அப்படித்தான் ஆகும். இருக்குல்ல, அது போதும்" என்றான். மேனேஜரிடம் இன்னும் கொஞ்ச நாள் தவணை கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லி, என் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். எனக்கு அந்தக் கடலில் விழுந்துவிடலாம் போல இருந்தது.

அன்று மாலை சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறியது ஒரு நேபாளத்துக்காரர். சுட்ட மீன், எலுமிச்சை, கீரை, வெள்ளைக்காரச் சாப்பாடு. வாயில் வைத்தால் உப்புமில்லை உறைப்புமில்லை. நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது பாண்டி ஒரு சட்டியோடு சமையல்கட்டுக் கதவிலிருந்து வந்தான். எனக்காகத் தனியாகப் புளி கரைத்து வைத்த மீன்குழம்பு. ஹமூர் என்கிறார்களே, நம்மூர் களவா, அந்தத் தலையைப் போட்டு வைத்திருந்தான். விருந்தாளிகள் இருக்கிற இடத்துக்கு அவன் வரக்கூடாது. நம்ம பக்கத்து ஆளுக்கு என்று மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறான். சட்டி ஒரு கையிலும், இன்னொரு கை வாயிலுமாக வந்து என் பக்கத்தில் நின்றான்.

அந்த நேரம் பார்த்து மும்பைக்காரர், வேறு படகில் வந்து சேர்ந்திருந்த சேட்டிடம் காலையில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். இந்தியில்தான் சொன்னார். பாண்டிக்கு இந்தி புரியாதா? இத்தனை வருஷம் சைட்டில் அதுதானே அவன் பேச்சு. ஒரு சின்ன ஸ்டீல் டப்பா, அதற்குள் ஒரு பல்செட்டு, இவர் பையிலிருந்துதான் விழுந்தது, எனக்குத் தெரியாது எனக்குத் தெரியாது என்று அலறுகிறார், நான் தூக்கிக் குப்பையில் போட்டேன் என்று, டிஷ்யூவால் தூக்கிய மாதிரி நடித்தும் காட்டினார். மேஜையே குலுங்கியது.

நான் நிமிர்ந்து பாண்டியைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவன் மும்பைக்காரரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். வாயிலிருந்து கை இறங்கிவிட்டது, அது அவனுக்கே தெரியவில்லை.

"குழம்பு ஊத்தவா பாய்?" என்றான்.

தலையை ஆட்டினேன். ஊற்றிவிட்டுப் போனான். அந்தச் சோற்றை நான் எப்படி விழுங்கினேன் என்று கேட்காதீர்கள். மிச்சம் வைத்தால் அவனுக்கு அதுவும் ஓர் அவமானமாகிவிடுமே என்று ஒரு பருக்கை விடாமல் தின்றேன். வெட்கங்கெட்டவன் என்று நம்மூரில் சொல்வார்களே, அது ஏதோ வசவு என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

காலையில் எல்லோரும் தூண்டிலோடு கிளம்பினார்கள். எனக்கு வயிறு சரியில்லை, கசப்பில் மருந்து வாங்க வேண்டும் என்று ராஷித்திடம் சொல்லி, சாமான் வாங்கப் போகிற படகில் ஏறினேன். கழற்ற நேரமில்லாமல் பதினெட்டுப் பாக்கெட் சட்டையைத்தான் போட்டிருந்தேன். படகு கரை தொட்டதும் டிரம்முக்கு ஓடினேன். உள்ளே புதிதாகக் கறுப்புப் பை போட்டிருந்தது. இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு தேநீர்க் கோப்பை, அவ்வளவுதான். துறையைக் கூட்டிக்கொண்டிருந்த பங்களாதேஷ்காரரிடம், நேற்றைய குப்பை எங்கே என்று கேட்டேன். வண்டி விடியற்காலையே அள்ளிக்கொண்டு போய்விட்டது, கலாஸ், முடிந்தது என்றார். எங்கே கொட்டுவார்கள் என்று கேட்டேன். மலைக்குப் பின்னால் எங்கேயோ என்று கையைக் காட்டினார். என்ன தொலைத்தீர்கள், பாஸ்போர்ட்டா என்று அவர் கேட்டார். பல் என்றேன். என் வாயைப் பார்த்தார். மறுபடி கூட்ட ஆரம்பித்தார். டாக்சி பிடித்து மலைக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது.

மத்தியானம் திரும்பி வந்தபோது பாண்டி பின்கட்டில் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தேடிப் போனதையும் சொன்னேன். புதிதாகச் செய்யச் சொல்லி நானே கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

"அளவு வாயில வச்சு எடுக்கணும் பாய். நான் போகணும். அடுத்த லீவு எனக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்" என்றான். கசப்பில் ஓர் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். படகு ஏறி நாலைந்து தடவை போய்வர மேனேஜர் விட மாட்டார் என்றான். மண்டபத்து வேலை அந்த நேபாளத்துக்காரருக்கே நிரந்தரமாகிவிட்டது, காலையில் சொல்லிவிட்டார்களாம். கத்தி நிற்காமல் ஓடியது.

அவன் திட்டியிருக்கலாம். திட்டினால் நான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். கடைசியில் அவன் தலையைத் தூக்காமல் ஒன்று கேட்டான்.

"பாண்டியோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன பாய் ஆகியிருக்கும்? சிரிச்சிருப்பாங்க. என்னயத்தானே சிரிச்சிருப்பாங்க, ஒங்களயா? எனக்கு அது பழக்கந்தான்."

மீன் செதில் என் பூட்ஸ் இல்லாத காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுந்திருக்கும்போது அவன் இன்னொன்றும் சொன்னான். நேற்றுச் சாயங்காலம், குழம்பு வைப்பதற்கு முன்னாலேயே, அக்காவுக்குப் போன் பண்ணி பல் வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டானாம். எப்படியும் நாலு நாளில் கராமாவிலிருந்து வரத்தானே போகிறது, இப்போது இல்லையென்றால் அக்கா தூங்காது, ஊரில் எல்லோரையும் போன் போட்டு வறுத்தெடுத்துவிடும் என்று நினைத்தானாம். "அது அப்படியே இருக்கட்டும் பாய். நீங்க ஒண்ணும் சொல்லிராதீக" என்றான். சரி என்றேன். என் மானத்தைக் காப்பாற்றச் சொல்லவில்லை, அவன் அக்காவின் தூக்கத்துக்குத்தான் சொன்னான். ஆனாலும் காப்பாற்றப்பட்டது நான்தான்.

கடைசி நாள் கடலுக்குப் போனேன். போகாவிட்டால் சேட் கோபித்துக்கொள்வார். ராஷித் கம்பை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். கீழக்கரைப் புளுகை அவர் முதல் நாளே கண்டுகொண்டிருப்பார், காட்டிக்கொள்ளவில்லை. எனக்கே ஆச்சரியம், முழங்கை நீளத்துக்கு ஒரு சீலா மீன் மாட்டியது. மும்பைக்காரர்தான் ஓடி வந்து இழுக்க உதவினார், முதுகில் தட்டிக் கொடுத்தார், போட்டோ எடுத்தார். மோசமான மனிதர் இல்லை அவர். யாருடைய பல் என்று தெரிந்திருந்தால் அவரே கொண்டுபோய்க் கொடுத்திருப்பார் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் படகில் தெரிந்திருந்தவன் ஒருவன்தான்.

திரும்பும் வழியில் கராமாவில் ஜாபர் அறையில் ஓர் இரவு. ஜாபரிடம்கூட நான் எதையும் சொல்லவில்லை. மீன் எத்தனை பிடித்தியள் என்று கேட்டான். ஒன்று என்றேன். அதற்கும் சிரித்தான்.

குதைபியாவில் வந்து இறங்கியபோது ராக்கம்மா எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் இருந்தாள். என் மனைவி சொன்னாள், நீங்கள் வருகிற நேரம் கேட்டுக் கேட்டு இரண்டு தடவை கறியைச் சூடு பண்ணிவிட்டாள் என்று. சொந்தக் காசில் வாங்கிய நாட்டுக்கோழி. சிவகங்கைக் காரத்தில் வறுத்து, கொதிக்கக் கொதிக்கத் தட்டில் வைத்தாள். நான் சாப்பிட மாட்டேன், களைப்பாக இருக்கிறது என்றேன். அவள் விடவில்லை.

"ஒங்களுக்கு நான் என்ன செய்ய பாய்? நாலு கை மாறி வந்த பொருளு. ஒங்க கையிலதான் போய்ச் சேரணும்னு இருந்திருக்கு" என்றாள். எலும்பைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

"நல்லாப் பொருந்துச்சாம். எல்லாத்தயும் கடிச்சுத் திங்குறானாம். எங்க, பல்ல வச்சுக்கிட்டு ஒருக்கா வீடியோல வாடா, பாப்போம்னா, போன்ல கேமரா கெட்டுப்போச்சுங்குறான். சரி, நீங்கதான் நேர்ல பாத்துட்டு வந்திருக்கீகளே, நீங்க சொல்லுங்க. சிரிச்சா எப்படி இருக்கான் எந்தம்பி?"

என் மனைவியும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, நல்லா இருக்கான்மா, ரொம்ப நல்லா இருக்கான் என்றேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி கறியை என் தட்டில் வைத்தாள்.